இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு டிக்

நான் கார் மெதுவாக ஓட்டுகிறவன். என் காரில் ஏறிய எல்லோரும் ஒருமுறையாவது இதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து எங்கள் கணிதத் துறைக்கு மற்றவர்கள் ஐம்பது நிமிடத்தில் வந்துவிடுவார்கள், எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இருபத்திரண்டு வருடத்தில் எண்பத்தேழு வருகைப் பேராசிரியர்களை அந்தச் சாலையில் அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் வாடகை வண்டி ஏற்பாடு உண்டு. நான் அதைக் கேட்டதே இல்லை. மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் வண்டிக்காரர். துறைத்தலைவர் ஆன பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது, நானும் உதறிவிடப் பார்க்கவில்லை.

ஏன் நானே ஓட்டினேன் என்று நேற்று விசாரணைக் குழுவில் கேட்டீர்கள். நீதிபதி ஐயாவுக்கும் பதிவாளருக்கும் எங்கள் தொழில் தெரியாது, அதனால் சொல்கிறேன். கணிதக்காரர்கள் மேடையில் சொல்வது பாதிதான். மீதிப் பாதி காரில் வரும். எந்தத் தேற்றம் ஆட்டம் காண்கிறது, யாருடைய நிரூபணத்தில் ஓட்டை இருப்பது எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் எழுதவில்லை, யார் எதை மூடி மறைத்துச் செய்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வராது. பக்கத்து இருக்கையில் இருக்கிறவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, 'அந்தக் கட்டுரையை ரொம்ப நம்பாதீங்க' என்பார். அச்சில் வந்ததைவிட அதற்குத்தான் எங்களிடம் மரியாதை. குழுவில் மூன்றாமவர் கணிதப் பேராசிரியர்தானே, நான் சொல்வது உண்மையா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாளாக நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்பதை நானே நேராக எழுதித் தந்துவிடுகிறேன். எழுதச் சொல்லி யாரும் என்னை மிரட்டவில்லை. அவமானத்தில் எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம்.

முதலில் அந்தக் கேள்வி. எங்கள் தேநீர் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கரும்பலகை இருக்கிறது. அதன் இடது மூலையில் இரண்டு வரி. ஒரு குறிப்பிட்ட வகை வளைபரப்பை எப்போதுமே முடிவுள்ள எண்ணிக்கைத் துண்டுகளாக வெட்டிவிட முடியுமா என்பது அந்தக் கேள்வி. எங்களிடம் படித்துப் பிறகு துணி ஆலை நடத்திய ஒருவர், வாலிபத்தில் அதோடு மல்லாடித் தோற்றவர், சாகும்போது ஓர் அறக்கட்டளை வைத்துவிட்டுப் போனார். கேள்விக்கு விடை கிடைக்கும்வரை எங்கள் துறைக்கு ஆராய்ச்சி நிதி. வருடத்துக்கு நான்கு வருகை உரைகள், ஆறு ஆராய்ச்சியாளர்களுக்குச் சம்பளம், நூலகத்துக்குப் பத்திரிகைகள். விடை கிடைத்த அன்று நிதி அவருடைய வாரிசுகளிடம் திரும்பிப் போய்விடும். அவர் நல்ல மனிதர். ஆனால் எழுதிவைத்த பத்திரத்தின் அர்த்தம் என்ன என்று யோசித்தாரா, தெரியவில்லை. தோற்கும்வரை சோறு, ஜெயித்தால் பட்டினி. துறைத்தலைவராக இதை நினைக்காமல் நான் ஒரு நாள்கூடத் தூங்கப் போனதில்லை.

திங்கட்கிழமைதோறும் அந்த இரண்டு வரியின்மேல் புதுச் சுண்ணக்கட்டியால் எழுதிப் பளிச்சென்று வைப்பது என் வேலை. விடை கண்டவர் வந்து தன் கையால் அழிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானும் பதினான்கு வருடம் அதில் உழைத்தேன். பிறகு நிர்வாகப் பொறுப்பு வந்தது, விட்டுவிட்டேன். இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாத செய்தி. வேறு யாராவது சொல்லிப் பெரிதாக்குவதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

இனி சின்னவன். என் மனைவியின் தம்பி. அவள் வீட்டில் கூப்பிட்ட பெயரைத் துறையே எடுத்துக்கொண்டது. அப்பா அம்மா போன பிறகு பதினேழு வயதில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தான். நான்தான் அவனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தேன், பிறகு அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயதில் எங்கள் துறையிலேயே ஒப்பந்த வேலை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவான். நூலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், தினமும் அதைச் சரிசெய்துவிடுவாள். அவர்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் பெரியவர் வந்தார். எங்கள் துறையில் பெரியவர் என்றால் ஒருவர்தான். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போக உதவும் ஒரு துணைத்தேற்றம், நாற்பது பக்கம், அவர் நிறுவியது. அப்போது அவருக்கு எண்பத்து மூன்று வயது. உரை முடிந்ததும் சின்னவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். பெரியவர் அதைத் தன் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் அவரை விமான நிலையத்தில் விட்டேன். நான்கு மாதத்தில் இறந்துபோனார். நாங்கள் தேநீர் அறையில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம்.

அவர் இறந்து ஆறு வாரம் கழித்துச் சின்னவன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். முப்பத்தேழு பக்கம். எங்கள் துறையில் யார் நிரூபணம் எழுதினாலும் வெளியே அனுப்பும் முன் இன்னொருவர் வரிவரியாகப் படிக்க வேண்டும். பக்கம் சரியாக இருந்தால் அடியில் பென்சிலால் ஒரு டிக், பக்கத்தில் தேதி. ஒன்பது நாள் படித்தேன். ஆறாம் பக்கத்தில் நான் மூன்று வருடம் முட்டிமோதி நின்ற இடத்தை அவன் நான்கு வரியில் கடந்திருந்தான். அதைப் படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் பெரியவரின் துணைத்தேற்றத்தைப் பயன்படுத்தியிருந்தான். அதன் பிறகு எல்லாம் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடியது. முப்பத்தேழு பக்கத்துக்கும் டிக் போட்டேன். நிரூபணம் சரி. முழுக்கச் சரி.

அன்று மத்தியானம் நான் தேநீர் அறைக்குப் போனேன். ஆறு ஆராய்ச்சியாளர்களும் உட்கார்ந்து ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. ஒருத்தியின் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் மருத்துவமனை. அவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பைத் தேநீர் குடித்தேன். பிறகு என் அறைக்குத் திரும்பி, ரப்பரை எடுத்து, இருபத்து மூன்றாம் பக்கத்து டிக்கை மட்டும் அழித்தேன். தேதியையும் அழித்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

சின்னவன் வந்தான். உட்காரக்கூட இல்லை.

"மாமா, பாத்தீங்களா?"

"பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு. ஒரு இடத்தைத் தவிர."

"எது?"

"பெரியவரோட துணைத்தேற்றம். அது நிக்காதுடா. வண்டியில போகும்போது அவரே சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்த வயசுல வெளிய சொல்லிக்க வெக்கமா இருக்குன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு. போன மனுஷன் பேரு, நம்ம வாயால கெட வேண்டாம்."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

நோட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான். "சரி மாமா. நானும் யார்கிட்டயும் சொல்லல," என்றான். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அவன் முட்டாள் இல்லை. அன்றே பெரியவரின் கட்டுரையை எடுத்து முதலிலிருந்து படித்தான். மூன்றாம் நாள் முகமெல்லாம் மலர என்னிடம் வந்து பத்தொன்பதாம் பக்கத்தைக் காட்டினான். அங்கே ஓர் இடத்தில் 'இது எளிதில் விளங்கும்' என்று எழுதியிருந்தது. கணிதத்தில் அப்படி எழுதினால், எழுதியவருக்கு அன்று சோம்பல் என்று அர்த்தம். "இங்கதான் மாமா, இங்கதான் உடையுது. எளிதில் எங்க விளங்குது? எனக்கு விளங்கலையே," என்றான். எங்கே பிழை என்று நான் சொல்லவே இல்லை. என் பொய்க்கு இடம் தேடிக் கொடுத்தவன் அவன். பிழை இருக்கிறது என்று மரியாதைக்குரியவர் சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுதான் எங்கள் பயிற்சி.

அதன் பிறகு அந்தத் துணைத்தேற்றம் இல்லாமல் சுற்றுவழி கண்டுபிடிக்க உட்கார்ந்தான். பதினொரு வருடம் உட்கார்ந்தான். சுற்றுவழி கிடையாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நூலகப் பெண் கேட்டபோதெல்லாம், "இது முடியட்டும்," என்றான். அவள் நான்கு வருடம் காத்திருந்தாள். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது என்னிடம்தான் வந்து, "பொத்தானை மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அவனிடம் சொன்னேன். ஆறு வருடமாக ஒரு கட்டுரைகூட வெளியிடாதவனுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்க விதியில் இடமில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதற்காக அவனைத் தெருவில் விட்டேனா? மாடி அறை அவனுக்கு என்றைக்கும் உண்டு என்று அன்றே சொன்னேன். அவனுக்குக் காகிதமும் பேனாவும் நான்தான் வாங்கித் தருகிறேன். அவன் தலை நரைத்ததை நீங்கள் என் கணக்கில் எழுதுகிறீர்கள். எனக்கும் நரைத்திருக்கிறது.

பெரியவரின் துணைத்தேற்றத்தை நன்றாக அறிந்த யாரையும் அதன்பின் நான் வருகை உரைக்கு அழைக்கவில்லை. நான்கைந்து பெயர்கள்தான், தவிர்ப்பது சிரமமாக இல்லை. நாற்பதுக்கு மேல் உரைகள் நடந்தன. எங்கள் மாணவர்கள் உலகத்தின் நல்ல மூளைகளை எதிரில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரட்டைக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன. அந்த அம்மாவுக்குச் சிகிச்சை தடைப்படவில்லை. ஒருவனுடைய பெருமை ஒரு பக்கம், ஒரு துறையின் பிழைப்பு மறுபக்கம். என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். நீதிபதி ஐயா தண்ணீர் குடித்தார்.

போன வருடக் கடைசியில் எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மூன்று வாரம் விடுப்பு. அந்த நேரம் பார்த்து டீன் என்னைக் கேட்காமல் ஒரு பெண்ணை உரைக்கு அழைத்துவிட்டார். முப்பத்தொரு வயது. அவள் வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். நான் அழைத்து வந்திருந்தால் என்ன பேசப் போகிறாள் என்று வழியிலேயே தெரிந்திருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். சின்னவன் வழக்கம்போல் கடைசி வரிசை. துறையில் வேலை இல்லாவிட்டாலும் உரைக்கு வர அவனுக்கு அனுமதி கொடுத்து வைத்திருந்தேன்.

அவள் அந்தக் கேள்வியைத் தீர்த்திருந்தாள். சின்னவன் போன அதே வழி. பாதியில் பெரியவரின் துணைத்தேற்றத்தை எழுதியதும் பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும். அந்தத் துணைத்தேற்றம் தப்பில்லையா?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அப்படி யார் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்குக் கொடுத்த வாக்கு அவன் வாயைக் கட்டியிருந்தது, அது எனக்குத் தெரிந்தது. "எங்கயோ கேள்விப்பட்டேன்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அவள் நல்ல பெண். பத்தொன்பதாம் பக்கத்தில் விளங்காத இடம் ஒன்று உண்டு, தனக்கும் இடறியது என்று சொல்லி, அதை நிறைவு செய்யும் ஆறு வரிகளைப் பலகையின் ஓரத்தில் எழுதினாள். ஆறே வரி. சின்னவன் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். உரை முடிந்ததும் தேநீர் அறைக்குப் போய் எல்லோரும் கைதட்ட அவள் அந்த இடது மூலையை அழித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவிதான் வண்டி ஓட்டினாள், கண் அறுவையால் எனக்கு அனுமதி இல்லை. சின்னவன் பின்னால் இருந்து, "மாமா, அந்த ஆறு வரியும் சரியாத்தான் தெரியுது. ஆனா பெரியவரே இல்லன்னு சொல்லியிருக்காரே. அவருக்குத் தெரியாததா இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "அது சரின்னா, நான் இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"சரியில்லடா. அந்த ஆறு வரியில எங்கயோ இருக்கு. தேடு," என்றேன்.

அவன் பெருமூச்சு விட்டான். நிம்மதிப் பெருமூச்சு, எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறான். தேநீர் அறையில் யாரோ திங்கட்கிழமைதோறும் வந்து அழிந்த கேள்வியை மறுபடி எழுதிவைப்பதாகக் காவலாளி புகார் கொடுத்திருக்கிறாரே, அது அவன்தான். கேள்வி இன்னும் மூடவில்லை என்பது அவன் எண்ணம்.

மாட்டிக்கொண்டது என் மனைவியால். அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள், முப்பது வருட அனுபவம். உரை நடந்த வாரம் சின்னவன் அவளிடம், "நானும் அப்ப இதே வழியிலதான் போனேன் அக்கா, மாமாதான் தடுத்துக் காப்பாத்தினாரு," என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவள் மாடிக்குப் போய்ப் பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். முப்பத்தாறு பக்கத்தில் டிக். இருபத்து மூன்றில் மட்டும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்தாள். பென்சில் போய்விட்டது, அழுத்திய தடம் போகவில்லை. டிக்கும் தெரிந்தது, தேதியும் தெரிந்தது. பதினொரு வருடம் அவன் கணக்கைத்தான் பார்த்தான். அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சிருந்தா டிக் எதுக்குப் போட்டீங்க? போட்ட பிறகு தெரிஞ்சுதுன்னா, காரில அவர் சொன்னது ஆறு மாசம் முன்னாடியாச்சே?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. நோட்டைப் பதிவாளரிடம் கொடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் நாம் வந்திருக்கிறோம், இந்த அறைக்கு, நீங்களும் நானும்.

பெரியவர் காரில் உண்மையில் என்ன சொன்னார் என்று நேற்று மாலை கடைசியாகக் கேட்டீர்கள். நான் நேரம் கேட்டேன். இப்போது சொல்கிறேன். பாதி வழியில், ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார்: "நேத்து கேள்வி கேட்டானே அந்தப் பையன், அவன் இதை முடிச்சிருவான். என் துணைத்தேற்றம் என்னைக்காவது ஒருத்தனுக்குப் பயன்படும்னா அவனுக்குத்தான். நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லுங்க." நான் தலையாட்டினேன். என் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று அவர் கேட்கவில்லை. பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன்.

ஆக, நான் ஒப்புக்கொள்வது இதுதான். நிரூபணம் சரி என்று தெரிந்தே தப்பு என்று சொன்னேன். இறந்தவர் வாயில் சொல்லாததை வைத்தேன். இருந்த டிக்கை அழித்தேன். வருத்தப்படுகிறேனா என்று பதிவாளர் கேட்டார். இல்லை. துறை பதினொரு வருடம் கூடுதலாக வாழ்ந்தது. என்னைப் பதவியிலிருந்து நீக்குங்கள், ஓய்வூதியத்தை நிறுத்துங்கள், செய்தித்தாளில் போடுங்கள். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் கேட்ட இன்னொன்றை மட்டும் என்னால் செய்ய முடியாது. சின்னவனிடம் நானே உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அவன் அக்கா சொல்லிப் பார்த்துவிட்டாள். உனக்குக் கணக்குத் தெரியாது அக்கா என்று சிரித்திருக்கிறான். டீன் சொல்லிப் பார்த்தார். உரைக்கு வந்த அந்தப் பெண் மூன்று கடிதம் எழுதினாள். நான் சொன்னால்தான் நம்புவான், அது எனக்கும் தெரியும். நிதி போயாகிவிட்டது, கேள்வியும் மூடியாகிவிட்டது, இனி அந்தப் பொய்யால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சொன்னால் அவன் உடைந்துபோவான், அவன் நன்மைக்காகத்தான் சொல்லவில்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

ஆனால் இன்று காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். மேல் பொத்தான் கீழ்த் துளையில் இருந்தது. "மாமா, நாலாவது வரியில ஏதோ இருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க," என்று நோட்டை நீட்டினான். நான் உட்கார்ந்தேன், பென்சிலைச் சீவிக்கொண்டேன், முதல் வரியிலிருந்து படித்தேன். விசாரணைக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தேனே, அதனால்தான். துறையில் இப்போது யாரும் எதையும் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவதில்லை. அவன் ஒருவன்தான் வருகிறான்.